தியாகராஜன் குமாரராஜாவின் குற்றப்படங்களைப் பார்ப்பது எப்படி

தமிழில் ரவுடிகளைப் பற்றிய படங்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் கத்தியும் பணமும் புழங்கும் இடத்தில் மனிதர்கள் எவ்வளவு அபத்தமாக நடந்துகொள்கிறார்கள் என்பதை, நாம் சிரிக்கும்போதே அஞ்சும்படி காட்டியவர்களில் தியாகராஜன் குமாரராஜாவுக்கு இணையாக வேறொருவரை என்னால் சொல்ல முடியவில்லை. 2011 இல் வெளிவந்த ‘ஆரண்ய காண்டம்’ சிறந்த அறிமுக இயக்குநருக்கும் படத்தொகுப்புக்குமாக இரண்டு தேசிய விருதுகளைப் பெற்றும் வசூலில் தோற்றது. அடுத்த படமான ‘சூப்பர் டீலக்ஸ்’ 2019 இல்தான் வந்தது. யாழ்ப்பாண சர்வதேசத் திரைப்பட விழாவுக்குத் தவறாமல் போய்ப் பிறநாட்டுப் படங்களைத் தேடிப் பார்க்கிற நண்பர்கள் சிலர்கூட இவ்விரண்டையும் பார்க்காமல் விட்டிருப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது.

முதலில் ‘ஆரண்ய காண்டம்’ படத்தைப் பாருங்கள். இரண்டுமே வயது வந்தோருக்கான படங்கள் என்பதால், பிள்ளைகளும் பெரியவர்களும் கூடியிருக்கும் விறாந்தையில் போடாமல், இரவில் தனியாகவோ ஒத்த மனமுள்ள ஓரிருவருடனோ பார்ப்பது நல்லது. ஹெட்போன் இருந்தால் கட்டாயம் அணியுங்கள். இப்படத்துக்கென்று எழுதப்பட்ட பாடல் ஒன்றுகூட இல்லை. யுவன் சங்கர் ராஜாவின் பின்னணி இசையும், அயலில் எங்கோ ஒலிக்கும் பழைய திரைப்பாடல்களும், தெருச் சத்தமும் சேர்ந்து, காட்சியில் நடப்பதற்கு நேர்மாறான ஓர் உணர்வை அடிக்கடி எழுப்புகின்றன. வடசென்னைப் பேச்சு நம் காதுக்கு வேகமாகத்தான் இருக்கும். தொடக்கத்தில் சில வசனங்கள் பிடிபடாவிட்டால் தயங்காமல் பின்னே சென்று மறுபடி கேளுங்கள், ஏனெனில் கதையின் திருப்பங்கள் பலவும் பேச்சிலேயே நிகழ்கின்றன.

இதற்கு மிகச் சிறந்த சான்று படத்தின் தொடக்கத்திலேயே கிடைக்கிறது. முதுமை எட்டிய தாதாவான சிங்கப்பெருமாள் (ஜாக்கி ஷெராஃப்) ஒரு கொக்கெய்ன் பேரத்தை ஏற்கத் தயங்கும்போது, அவருக்குப் பழைய வலு போய்விட்டதா என்ற தொனியில் அவரின் அடியாள் பசுபதி (சம்பத் ராஜ்) வாய் தவறி ஒரு கேள்வி கேட்டுவிடுகிறான். அந்த நாள் முழுவதும் சிந்தும் இரத்தம் அத்தனைக்கும் வித்து அந்த ஒற்றைக் கேள்விதான். ஒரு கிழவரின் புண்பட்ட ஆண் செருக்குக்காக இத்தனை பேர் சாக வேண்டுமா என்று எண்ணும்போது வருகிற கசப்பான சிரிப்பே இப்படத்தின் அடிநாதம் என்பேன். பசுபதியோ, தன்னைக் கொல்ல உத்தரவு வந்துவிட்டதை, கொல்ல வேண்டியவர்களோடு ஒரே வாகனத்தில் உட்கார்ந்திருந்தபடியே அறிகிறான்.

கதாநாயகனைத் தேடாதீர்கள். அதற்குப் பதிலாக, சட்டகத்தில் அதிகாரம் மிகக் குறைந்தவர் யாரென்று பார்த்து அவரையே பின்தொடருங்கள். வாழ்ந்து கெட்டுக் குடிக்குள் விழுந்த காளையனும் (குரு சோமசுந்தரம்) அவன் மகன் கொடுக்காப்புளியும் அப்படிப்பட்டவர்கள். இருவரில் பெரியவன் மகன்தான். அப்பாவை மிகவும் பிடிக்குமா என்று கேட்டால், அப்படியெல்லாம் இல்லை, ஆனால் அவர் என் அப்பா என்கிறான் அந்தச் சிறுவன். சுப்பு என்ற பெண்ணையும் கண் எடுக்காமல் கவனியுங்கள். ஏனென்று சொன்னால் படத்தைக் கெடுத்தவனாவேன்.

‘சூப்பர் டீலக்ஸ்’ 176 நிமிடம் ஓடும் படம், ஆனாலும் அதை ஒரே இருப்பில் பார்க்க வேண்டும். குமாரராஜாவுடன் மிஷ்கின், நலன் குமாரசாமி, நீலன் கே. சேகர் ஆகியோரும் எழுதிய கதைகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்வதால், இடையில் நிறுத்தினால் இழை அறுந்துவிடும். பழைய காதலனின் பிணத்தைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒளித்துவைத்துவிட்டு, அதை எப்படி அப்புறப்படுத்துவது என்ற பதற்றத்தின் நடுவிலேயே கணவனும் மனைவியும் தங்கள் திருமணத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறார்கள். அங்கே கொலைப்படத்துக்குரிய பரபரப்பை எதிர்பார்க்காமல், ஒரு குடும்பச் சண்டையாகவே அதைக் கேளுங்கள். சிரிப்பு தானாக வரும். ஆழிப்பேரலையில் ஒரு சிலையைப் பற்றிக்கொண்டு உயிர் தப்பிய அற்புதம் என்பவர், அந்தச் சிலையையே தெய்வமாக நம்பி, படுகாயமுற்ற மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக மறுக்கிறார். 2004 இல் வடமராட்சி கிழக்கு எதை இழந்தது என்று அறிந்த நமக்கு அவரை வெறும் மூடநம்பிக்கைக்காரராக ஒதுக்கிவிட முடியாது.

இயக்குநர் எங்கே நகைச்சுவையை நிறுத்திக்கொள்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. விஜய் சேதுபதி நடித்த ஷில்பா என்ற திருநங்கை காவல் நிலையத்தில் படும் அவமானத்தில் சிரிப்புக்குத் துளியும் இடமில்லை. பார்ப்பது கடினம், ஆனால் தாண்டிச் செல்லாதீர்கள். சேலையில் வந்து நிற்கும் அப்பாவை மகன் ராசுக்குட்டி எவ்விதக் கேள்வியுமின்றி ஏற்றுக்கொள்ளும் காட்சியை அதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஷில்பாவின் கடந்த காலத்தைக் காட்டிய விதத்தைத் திருநங்கைகள் தரப்பிலிருந்து கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். படத்தை விரும்புகிறவர்கள் அதையும் தேடிப் படிக்க வேண்டும்.

சில நாள் கழித்து இரண்டாம் முறை பார்க்கும்போது கதையை விட்டுவிட்டுப் பொருட்களைப் பின்தொடருங்கள். முதற்படத்தில் கொக்கெய்ன் பை யார் கைக்கு எப்போது மாறுகிறது, ஒவ்வொரு கையிலும் அதன் பெறுமதி எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ‘சூப்பர் டீலக்ஸ்’ படத்திலோ, பையன்கள் உடைத்துவிடும் தொலைக்காட்சிப் பெட்டியில் தொடங்கி, அதற்கு ஈடாக இன்னொன்றை வாங்க அவர்கள் படும் பாட்டினூடே, கடைசிப் பெட்டி எங்கே போய் விழுகிறது என்பதுவரை கண்ணை எடுக்காதீர்கள்.