கழற்றிய நான்கு கார்ப்பரேட்டரை மறுபடி மாட்டுவது எப்படி?

பழைய நான்கு சிலிண்டர் பைக்கில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர்களைக் கழற்றுவது பெரிய வேலை இல்லை. மாட்டும்போதுதான் ஆளுக்கு வியர்த்துக் கொட்டும். நான்கும் ஒரே கட்டாகப் பிணைந்திருக்கும். முன்னால் எஞ்சினோடு சேரும் மேனிஃபோல்டு ரப்பர்கள், பின்னால் ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) ரப்பர்கள், நடுவில் கட்டு நுழைய இடமே இல்லாதது போலத் தோன்றும். முதல் முறை நான் ஒரு மதியம் முழுக்க மல்லுக்கட்டினேன். உடம்பில் தெம்பு போதவில்லை என்றே நினைத்தேன். கடைசியில் பார்த்தால் ரப்பர் காய்ந்து கல்லாகிக் கிடந்தது.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றுங்கள். வேலை காற்றோட்டமான இடத்தில் நடக்கட்டும், பக்கத்தில் நெருப்பு கூடாது.

மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. வண்டியில் எந்தச் சாய்வில் உட்காருமோ அதே சாய்வில் கார்ப்பரேட்டர் கட்டினை வைத்து, சிறு பாட்டிலிலிருந்து டியூப் வழியாகப் பெட்ரோல் விட்டு, கால் மணி நேரம் கவனியுங்கள். ஓவர்ஃப்ளோ டியூபில் சொட்டினால், பெட்ரோல் நிரம்பியதும் வழியை மூடவேண்டிய ஃப்ளோட் ஊசி சரியாக அடைக்கவில்லை என்று அர்த்தம். இதைத் தவிர்த்துவிட்டு மாட்டினால் மொத்த வேலையையும் இரண்டாம் முறை செய்ய நேரும். அதைவிட மோசம், கசியும் பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலந்துவிடும். சொட்டவில்லையா? சரி, பெட்ரோலை வடித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போகலாம்.

இனி ரப்பர். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். வளைத்துப் பாருங்கள், வெடிப்பு தெரிந்தால் யோசிக்காமல் புதிது போடுங்கள். இறுகியிருந்தால் மட்டும் கழற்றி, கொதிக்கும் நீரில் சில நிமிடம் ஊறவிட்டு, ஈரம் துடைத்து, சூடு ஆறுவதற்குள் மாட்டுங்கள். கழற்ற முடியாதவற்றுக்கு, பக்கத்தில் பெட்ரோல் வாடையே இல்லை என்று உறுதி செய்தபின் ஹேர் டிரையர் போதும். உள்விளிம்பில் சிலிகோன் கிரீஸை மெல்லிசாகத் தடவுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ் வேண்டாம், அது நாளடைவில் ரப்பரை உப்ப வைக்கும்.

ரப்பரை இறுக்கிப் பிடிக்கும் வளையங்களான கிளாம்ப்களைத் தளர்த்தி ரப்பரின் மேலேயே விட்டுவைத்து, ஸ்க்ரூத் தலை வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்புங்கள். மாட்டியபின் திருப்ப இடம் இருக்காது. தூசி விழாமல் எஞ்சின் வாய்களில் துணி அடைத்திருந்தீர்களே, அதை எடுத்துவிட்டீர்களா? எண்ணிப் பாருங்கள்.

ஏர்பாக்ஸின் போல்ட்களைக் கழற்றி அதை முடிந்தவரை பின்னால் தள்ளிவையுங்கள். கட்டைப் பக்கவாட்டில் பாதி நுழைத்ததும் ஆக்சிலரேட்டர் கேபிளை மாட்டிவிடுங்கள். பல வண்டிகளில் கேபிள் சக்கரம் நடுவில் இருப்பதால் அப்புறம் விரல் எட்டாது. இரண்டு கேபிள் இருந்தால் திறப்பது எது, மூடுவது எது என்று பார்த்து மாட்டுங்கள்.

இப்போது எஞ்சின் பக்கம். கார்ப்பரேட்டர்களின் நான்கு வாய்களின் மேல்விளிம்பையும் முதலில் ரப்பருக்குள் பிடிக்கவைத்து, கட்டை மேலும் கீழும் அசைத்தபடி அழுத்துங்கள். சரியாக உட்காரும்போது ‘டொப்’ என்று கைக்கே தெரியும். ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் அலுமினியத்தில் காயம் விழும். அடிப்பக்க விளிம்பு மடிந்திருக்கிறதா என்று டார்ச்சும் சிறு கண்ணாடியும் வைத்துப் பார்த்தபின் கிளாம்ப்களை முறுக்குங்கள். பிறகு ஏர்பாக்ஸை முன்னால் இழுத்து அதன் ரப்பர்களையும் மாட்டலாம். மீதி சோக் கேபிள், பெட்ரோல் டியூப், வேக்குவம் டியூப் மட்டும்தான்.

ஸ்டார்ட் செய்யுமுன் ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, ஆக்சிலரேட்டரை முறுக்கி விட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தானாகச் சட்டென மூட வேண்டும். இழுத்துக்கொண்டு நின்றால் வண்டியை எடுக்காதீர்கள்.

வேக்குவம் டேப் (எஞ்சின் இழுக்கும்போது மட்டும் பெட்ரோல் விடும் டேப்) உள்ள வண்டியில் கார்ப்பரேட்டர் காலியாக இருக்கும். ‘பிரைம்’ நிலை இருந்தால் அதில் சற்று வைத்து நிரப்பி, மறக்காமல் பழைய நிலைக்குத் திருப்புங்கள். எஞ்சின் ஓடும்போது ஐடிலிங் ஏறி, இறங்க மறுத்தால் எங்கோ காற்று இழுக்கிறது. ரப்பர் இணைப்புகளில் தண்ணீரைப் புகைபோலத் தெளியுங்கள். ஓட்டம் மாறும் இடமே கசியும் இடம். கார்ப் கிளீனர் அடித்துப் பார்ப்பவர்களும் உண்டு, சூடான எஞ்சின் பக்கத்தில் எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

எல்லாம் சரியென்றால், எஞ்சின் இழுக்கும் விசையைக் காட்டும் வேக்குவம் கேஜ் வைத்து நான்கு கார்ப்பரேட்டர்களையும் சமன் செய்யுங்கள். முதல் ஓட்டம் முடிந்து எஞ்சின் ஆறியதும் கிளாம்ப்களை மறுபடி தொட்டுப் பாருங்கள். ரப்பர் படிந்திருந்தால் கால் சுற்று முறுக்க வேண்டியிருக்கும்.