ரேடியோ வானியல் தரவை வடிவம் மாற்றும்போது சரிபார்க்க வேண்டியவை

பல ஆன்டெனாக்கள் சேர்ந்து பதிவுசெய்த ரேடியோ தரவை யூவி-ஃபிட்ஸ் என்ற கோப்பு வடிவத்திலிருந்து மெஷர்மென்ட் செட் என்ற மற்றொரு வடிவத்துக்கு மாற்றும்போது பிழைச்செய்தி வரவில்லை என்பதை மட்டும் நம்பி அடுத்த வேலைக்குப் போகக் கூடாது. கோப்பு திறக்கும், படமும் வரும். ஆனால் மூலம் (ரேடியோ அலைகளை வெளியிடும் வான்பொருள்) இடம் மாறியோ அதன் திசைவேகம் பிசகியோ இருக்கலாம்.

முதலில் தரவைப் பற்றிய விவரங்கள் அடங்கிய, கோப்பின் தலைப்பகுதியைப் படியுங்கள். 1981இல் வெளியாகி மறு ஆண்டே பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் ஒப்புதலைப் பெற்றதும் யூவி-ஃபிட்ஸுக்கு அடிப்படையானதுமான ஃபிட்ஸ் வடிவத்தில், தலைப்பகுதி 80 எழுத்து கொண்ட வரிகளாக 2880 பைட் தொகுதிகளில் அமைந்திருக்கும். வரிமுடிவுக் குறி கிடையாது என்பதால், 80 எழுத்துக்கு ஒருமுறை மடித்துக் காட்டினால்தான் படிக்க முடியும். கோப்பின் அளவு 2880ஆல் மீதியின்றி வகுபடாவிட்டால், பெரும்பாலும் பதிவிறக்கம் பாதியில் நின்றிருக்கும்.

அதிகம் ஏமாற்றுவது நேரம்தான். நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணிக் குறிக்கும் ஜூலியன் நாளை, 24,60,000ஐ ஒட்டிய மதிப்பில், 32 பிட் மிதவைப் புள்ளி எண்ணாக எழுதினால், அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடையே கால் நாள், அதாவது ஆறு மணி நேரம், இடைவெளி விழும். இதைத் தவிர்க்கவே யூவி-ஃபிட்ஸில் நேரத்தைக் குறிக்கும் 'டேட்' அளவுரு வழக்கமாக இரண்டு முறை எழுதப்படுகிறது. இரண்டையும், தலைப்பகுதியில் அவற்றுக்குத் தரப்பட்ட 'பிசீரோ' என்ற தொடக்க மதிப்புகளோடு சேர்த்து 64 பிட்டில் கூட்ட வேண்டும். நான் எழுதிய நிரல் ஒன்று முதல் 'டேட்'டை மட்டும் எடுத்துக்கொண்டதால், ஓர் இரவின் ஸ்கேன்கள் அனைத்தும் ஒரே கணத்தில் குவிந்து நின்றன. மெஷர்மென்ட் செட்டில் நேரம் வினாடிகளில் இருக்கும் என்பதால், ஒப்பிடும் முன் ஜூலியன் நாளிலிருந்து 2400000.5ஐக் கழித்து 86400ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

ஆன்டெனா எண்கள் யூவி-ஃபிட்ஸில் 1இலிருந்தும் மெஷர்மென்ட் செட்டில் 0இலிருந்தும் தொடங்குகின்றன. பழைய குறிப்பேட்டில் உள்ள எண்ணை வைத்து ஓர் ஆன்டெனாவை நீக்கினால் பக்கத்து ஆன்டெனா போய்விடும். பெயரைக் கொண்டே குறிப்பிடுங்கள்.

நிறமாலைத் தரவில், திசைவேகம் எதைச் சார்ந்து அளக்கப்பட்டது என்று தலைப்பகுதியில் சொல்லும் 'ஸ்பெக்சிஸ்' சொல்லையும், அது அலைநீள மாற்றத்தைக் கொண்டு (ஒளியியல்) கணக்கிடப்பட்டதா அதிர்வெண் மாற்றத்தைக் கொண்டு (ரேடியோ) கணக்கிடப்பட்டதா என்ற திசைவேக வரையறையையும் பாருங்கள். ஒளியியல் வரையறையில் வினாடிக்கு 6000 கிலோமீட்டர் என்பது ரேடியோ வரையறையில் ஏறக்குறைய 5882தான்.

கடைசியாகப் படமொன்றை உருவாக்கிப் பாருங்கள். இரு ஆன்டெனாக்களை இணைக்கும் அடிக்கோட்டை எந்த ஆன்டெனாவிலிருந்து எந்த ஆன்டெனாவுக்கு அளப்பது என்பதில் மென்பொருள்கள் வேறுபட்டால், அதன் யூ, வீ ஆயங்களின் கூட்டல்-கழித்தல் குறிகள் தலைகீழாகி, படம் நடுப்புள்ளியைச் சுற்றி 180 பாகை திரும்பிவிடும். கருவியைச் சரிசெய்யப் பயன்படும் அளவீட்டு மூலம் படத்தின் நடுவில் இருந்தால், அது இந்தப் பிழையைக் காட்டாது. மையத்தை விட்டு விலகி நிற்கும், இடம் தெரிந்த மூலம் ஒன்றை வைத்தே சோதியுங்கள். அது சரியான இடத்தில் விழும் வரை பழைய யூவி-ஃபிட்ஸ் கோப்பை அழிக்காதீர்கள்.