மாட்டு வைரஸ் திரிபுகளுக்கு உறவு மரம் போடுவது எப்படி

கோமாரி வைரஸின் ஒரு சீக்வென்ஸ், அதாவது அதன் மரபணு எழுத்துகளின் வரிசை, கைக்கு வந்ததும் பலர் செய்கிற முதல் காரியம், அதை மெகா மென்பொருளில் போட்டு, எந்தத் திரிபு எதற்கு நெருக்கம் என்று காட்டும் ஒரு மரம் வரைந்து பார்ப்பதுதான். மரம் வந்துவிடும். எதைப் போட்டாலும் வரும், அதுதான் தலைவலியே. தலைகீழாகத் திரும்பிய சீக்வென்ஸைப் போட்டாலும், சம்பந்தமே இல்லாத இரண்டு வைரஸ்களைக் கலந்து போட்டாலும், மென்பொருள் முகம் சுளிக்காமல் அழகான கிளைகளோடு ஒரு படத்தை நீட்டும். ஆகவே இங்கே மரம் வரைவதைப் பற்றிக் கொஞ்சம்தான் இருக்கும். அதற்கு முன்னால் செய்ய வேண்டியதும், வரைந்த பிறகு அதை எப்படிப் படிப்பது என்பதும்தான் அதிகம்.

எந்த வைரஸ், அதில் எந்தத் துண்டு

கையில் இருப்பது கோமாரி என்றால் உங்களுக்கு வேலை சுலபம். அது ஆர்என்ஏ வைரஸ். தன்னைப் படியெடுக்கும்போது பிழை திருத்திக்கொள்ளும் வசதி அதற்குக் கிடையாது, அதனால் ஓயாமல் மாறிக்கொண்டே இருக்கும். மொத்த ஜீனோம், அதாவது அதன் முழு மரபணுத் தொகுதி, சுமார் 8,400 எழுத்து. அதில் விபி1 என்ற வெளியோட்டுப் புரதத்துக்கான பகுதி 633 எழுத்தை ஒட்டி வரும், வகைக்கு வகை சில எழுத்து கூடும் குறையும். இந்தப் பகுதி ஆண்டுக்குச் சுமார் 1% மாறுகிறது, அதாவது ஆறேழு எழுத்து. அடுத்தடுத்த ஆண்டுகளில் வந்த இரண்டு நோய்ப் பரவல்களைப் பிரித்துப் பார்க்க இது போதும். ஒப்பிட்டுப் பார்க்க ஜென்பேங்க் என்ற பொது சீக்வென்ஸ் சேமிப்பகத்தில் கொட்டிக் கிடப்பதும் விபி1 சீக்வென்ஸ்கள்தான். ஒரே பரவலுக்குள் எந்தப் பண்ணையிலிருந்து எந்தப் பண்ணைக்குப் போனது என்று பார்க்க வேண்டுமானால் மட்டும் விபி1 பத்தாது, முழு ஜீனோம் வேண்டும்.

தோல் கழலை நோயின் கதையே வேறு. அது டிஎன்ஏ வைரஸ், சுமார் 1,51,000 எழுத்து, மாறுவதோ ஆமை வேகத்தில். சில நூறு எழுத்து உள்ள ஒரு ஜீனை மட்டும் எடுத்தால், வெவ்வேறு ஆண்டுகளில் வந்த இரண்டு பரவல்கள் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கக்கூடும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 2017-ல் ரஷ்யாவின் சரத்தோவ் பகுதியில் கிடைத்த திரிபின் முழு ஜீனோமைப் பார்த்தபோது, அது தடுப்பூசித் திரிபும் வெளியே மாடுகளில் சுற்றும் வெளித் திரிபும் துண்டு துண்டாகக் கலந்த கலவை என்று தெரிந்தது. அப்படிப்பட்ட ஒன்றில் ஒரு ஜீனை வைத்து மரம் போட்டால் தடுப்பூசி வைரஸ் பக்கம் போய் உட்காரும், பக்கத்து ஜீனை வைத்துப் போட்டால் வெளி வைரஸ் பக்கம் போகும். இரண்டு மரமும் சரிதான், ஆனால் இரண்டுமே பாதிக் கதை. இந்த நோய்க்கு ஒற்றை ஜீன் மரத்தை நான் நம்புவதில்லை. முழு ஜீனோமுக்கு வழி இல்லையென்றால் குறைந்தது மூன்று நான்கு ஜீன்களைத் தனித்தனியாகப் பாருங்கள்.

மாட்டு வைரஸ் கழிச்சல் நோய்க்குப் பலரும் எடுப்பது ஜீனோமின் முன்முனையில் இருக்கும், புரதமாக மாறாத பகுதி. பிசிஆரில் (துண்டைப் பல படிகளாகப் பெருக்கும் சோதனையில்) எளிதில் பெருகும், வகை 1-ஆ 2-ஆ என்று சொல்லிவிடும். ஆனால் அது அதிகம் மாறாத பகுதி என்பதால் உட்பிரிவுகளுக்குள் நுணுக்கமாகப் போக முடியாது. அதற்கு என்-புரோ அல்லது ஈ2 என்ற புரதத்துக்கான பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நீலநாக்கு வைரஸுக்கு ஜீனோமே 10 தனித் துண்டுகளாக இருக்கிறது, ஒரே மாட்டை இரண்டு திரிபுகள் தாக்கினால் துண்டுகள் இடம் மாறிக்கொள்ளும். ஒவ்வொரு துண்டுக்கும் தனி மரம் போட வேண்டும், வேறு குறுக்கு வழி இல்லை.

சீக்வென்ஸைச் சுத்தம் செய்வது

கோமாரிக்கு மாதிரி எடுக்கும்போது நாக்கிலோ குளம்பிடுக்கிலோ புதிதாக உடைந்த கொப்புளத்தின் தோல்தான் சிறந்தது. அமிலத்தன்மை பட்டால் இந்த வைரஸ் செத்துவிடும், அதனால் பிஹெச் 7.2 முதல் 7.6 வரை உள்ள கரைசலில் போட வேண்டும். முடிந்தவரை அந்தத் தோலிலிருந்தே நேராக சீக்வென்ஸ் எடுங்கள். ஆய்வகச் செல்களில் பல முறை வளர்த்தால் வைரஸ் அந்தச் செல்களுக்கு ஏற்ப மாறிவிடும். மாட்டில் இல்லாத மாற்றங்கள் உங்கள் மரத்தில் கிளையாக நீண்டு நிற்கும். கழிச்சல் வைரஸில் இன்னும் விவகாரம்: செல் வளர்க்கப் பயன்படுத்தும் கன்றுச் சீரத்திலேயே அந்த வைரஸ் இருக்கலாம். மூன்றாம் வகை என்று இப்போது சொல்லப்படும் ஹோபி வைரஸ் முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே அப்படியொரு சீரத்தில்தான். ஆகவே வைரஸ் போடாத வெறும் செல்லையும் ஒரு பிசிஆர் ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் குரோமட்டோகிராம், அதாவது சீக்வென்ஸ் இயந்திரம் ஒவ்வொரு எழுத்தையும் ஒரு மேடாக வரைந்து தரும் படம். எழுத்துகளை மட்டும் நகலெடுத்துக்கொண்டு போகாதீர்கள், மேடுகளைத் திறந்து கண்ணால் பாருங்கள். தொடக்கத்தில் முப்பது ஐம்பது எழுத்து குழம்பித்தான் இருக்கும், வெட்டி எறியுங்கள். பிரைமர் (பிசிஆரைத் தொடங்கிவைக்கும் சிறு டிஎன்ஏ துண்டு) உட்கார்ந்த இடத்தையும் வெட்ட வேண்டும், ஏனென்றால் அங்கே தெரிவது வைரஸின் எழுத்து இல்லை, நீங்கள் ஆர்டர் கொடுத்த பிரைமரின் எழுத்து. இதை விட்டுவிட்டால், உங்கள் மாதிரிகள் எல்லாம் அந்த இருபது எழுத்தில் ஒன்றுபோல இருந்து, மரத்தில் உண்மைக்கு மீறி நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஓர் இடத்தில் சி-யும் டி-யும் சம உயரத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக நின்றால், ஃபார்வர்ட், ரிவர்ஸ் என்று இரு திசையிலும் படித்த இரண்டிலும் அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலும் இருந்தால் அந்த மாட்டுக்குள் இரண்டு வடிவமும் உண்மையாகவே இருக்கிறது என்று அர்த்தம். அந்த இடத்துக்கு ஒய் என்று கலப்புக் குறியீடு போடுங்கள், மனம்போல ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு பக்கத்தில் மட்டும் இருந்தால் பெரும்பாலும் வெறும் இரைச்சல்.

சுத்தம் செய்ததை அமினோ அமிலமாக மாற்றிப் பாருங்கள். என்னைக் கேட்டால் இருப்பதிலேயே மலிவான, அதிகம் பயன் தரும் சோதனை இதுதான். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்பதால், விபி1-ஐ முழுதாக எடுத்திருந்தால் எழுத்து எண்ணிக்கை 3-ஆல் வகுபட வேண்டும், புரதம் இங்கே முடிகிறது என்று சொல்லும் நிறுத்தக் குறி நடுவில் வரக் கூடாது. நடுவில் நிறுத்தக் குறி வந்தால் எங்கோ ஓர் எழுத்து கூடியோ குறைந்தோ இருக்கிறது, திரும்பக் குரோமட்டோகிராமுக்குப் போங்கள். விபி1-ல் 145-ஆவது இடத்தையொட்டி ஆர்ஜினின், கிளைசின், அஸ்பார்டிக் அமிலம் என்று மூன்றும் வரிசையாக வரும். வைரஸ் மாட்டின் செல்லைப் பிடித்துக்கொள்ளும் இடம் அது, அதனால் அக்கம்பக்கமெல்லாம் தாறுமாறாக மாறினாலும் இந்த மூன்றும் அநேகமாக அப்படியே இருக்கும். உங்கள் சீக்வென்ஸில் அது காணவில்லை என்றால் கொண்டாடுவதற்கு முன் சந்தேகப்படுங்கள்.

யாரோடு ஒப்பிடுவது

பிளாஸ்ட் என்ற, ஒப்பிட்டுத் தேடும் கருவியில் போட்டு மேலே வரும் பத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மரம் போடுவது பரவலாக நடக்கும் தவறு. அப்படிச் செய்தால் நெருங்கியவை மட்டும்தான் வரும், அவை எவற்றிலிருந்து பிரிந்தன என்பது தெரியாது. மிக நெருங்கியவை சில, அதே வகையின் மற்ற வம்சங்களிலிருந்து ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று, அப்புறம் கட்டாயமாகத் தடுப்பூசித் திரிபுகள், இவ்வளவும் வேண்டும். கோமாரியின் ஓ வகை (O) என்றால் துருக்கியில் 1969-ல் எடுத்த மனிசா திரிபைப் போல. இங்கிலாந்தின் பிர்பிரைட்டில் உள்ள உலகக் கோமாரி மேற்கோள் ஆய்வகம் ஒவ்வொரு வகைக்கும் முன்மாதிரி சீக்வென்ஸ்களை வெளியிட்டிருக்கிறது, அங்கிருந்து தொடங்கினால் பாதித் தேடல் மிச்சம்.

தடுப்பூசித் திரிபு ஏன் கட்டாயம் என்பதற்கு 2007 நல்ல சாட்சி. அந்த ஆகஸ்ட்டில் இங்கிலாந்தின் சர்ரே மாவட்டத்தில் கோமாரி வந்தது. சீக்வென்ஸைப் பார்த்தால் அன்று உலகில் சுற்றிக்கொண்டிருந்த எந்தத் திரிபோடும் ஒட்டவில்லை, 1967-ல் எடுத்து ஆய்வகங்களிலும் தடுப்பூசித் தயாரிப்பிலும் பயன்பட்டுவந்த ஒரு திரிபோடு ஏறக்குறைய அப்படியே பொருந்தியது. ஆண்டுக்கு 1% மாறுகிற வைரஸ் நாற்பது ஆண்டுகள் மாடுகளுக்குள் ஓடிவிட்டு அப்படி இருக்க வழியே இல்லை. விசாரணை அருகிலிருந்த பிர்பிரைட் வளாகத்தின் வடிகால் பக்கம் கை காட்டியது. தடுப்பூசித் திரிபுகளை விட்டுவிட்டு மரம் போட்டிருந்தால், எங்கிருந்தோ வந்த புது வம்சம் என்று தோன்றியிருக்கும்.

ஜென்பேங்க்கில் இருப்பதெல்லாம் வேதவாக்கு இல்லை. மாதிரி எடுத்த ஆண்டு இல்லாதவை, வகை தப்பாகக் குறித்தவை, ஆய்வகக் கலப்படம் எல்லாம் அங்கே கிடக்கும். 2015 என்று போட்டிருக்கும் ஒன்று 1960-களின் திரிபோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருந்தால் அதைத் தூக்கி வெளியே வையுங்கள்.

அடுக்குவதும் வரைவதும்

சீக்வென்ஸ்களை வைக்கும் ஃபாஸ்டா கோப்பில் பெயர்களை முதலிலேயே ஒழுங்குபடுத்துங்கள். வகை, நாடு, எண், ஆண்டு என்ற வரிசை பழக்கத்தில் உள்ளது. இடைவெளி, காற்புள்ளி, அடைப்புக்குறி, முக்காற்புள்ளி எதுவும் பெயரில் வேண்டாம். மரக் கோப்பில் அவற்றுக்கு வேறு அர்த்தம் உண்டு, கடைசி நேரத்தில் கோப்பு திறக்காமல் அடம்பிடிக்கும். பிறகு மாஃப்ட் அல்லது மசில் மென்பொருள் கொண்டு, ஒத்த இடங்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வரும்படி அடுக்குங்கள். புரதப் பகுதி என்றால் மூன்று மூன்று எழுத்தாகப் பார்த்து அடுக்கச் சொல்லுங்கள், இடைவெளிகள் மூன்றின் மடங்கில் விழும். அடுக்கியதைத் திறந்து ஒரு முறை மேலிருந்து கீழே ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு வரிசை மட்டும் மற்ற எல்லாவற்றோடும் முட்டிக்கொண்டு நின்றால் அது அநேகமாகத் தலைகீழாகக் கிடக்கிறது.

துண்டுகள் கலந்திருக்க வாய்ப்புள்ள வைரஸ் என்றால் மரத்துக்கு முன் ஆர்டிபி மென்பொருளில் ஓட்டிக் கலப்பைத் தேடுங்கள். சரி, இப்போது மரம். ஐக்யூ-ட்ரீ மென்பொருள் போதும்: மாற்ற மாடலை அதுவே சோதித்துத் தேர்ந்தெடுக்கும், அதிவேக பூட்ஸ்ட்ராப் (தரவை மாற்றி மாற்றி எடுத்து ஒவ்வொரு கிளையும் எவ்வளவு உறுதி என்று பார்க்கும் சோதனை) 1,000 முறை என்று சொல்லிவிட்டு ஓட்டுங்கள். விபி1 அளவுக்கு நூறு சீக்வென்ஸ் என்றால் சாதாரண மடிக்கணினியிலேயே முடிந்துவிடும். வேருக்கு, அதாவது மரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று காட்ட, அதே வகைக்குள் கொஞ்சம் தூரத்து வம்சம் ஒன்றைப் போடுங்கள். ஓ வகை மரத்துக்கு ஏ வகையை வேராகப் போடுவதை நான் தவிர்ப்பேன், அவ்வளவு தூரத்துக் கிளை எங்கே ஒட்டினாலும் கேள்வி கேட்க முடியாது.

மரத்தைப் படிப்பது

கிளையின் நீளத்தில்தான் மாற்றத்தின் அளவு இருக்கிறது. பெயர்கள் மேலும் கீழும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதற்கு எந்த அர்த்தமும் இல்லை. கிளைகள் பிரியும் கணுவைப் பிடித்து அவற்றைச் சுழற்றினால் வரிசை மாறிவிடும், உறவு மாறாது. கணுவில் இருக்கும் எண்ணைப் பாருங்கள். அதிவேக பூட்ஸ்ட்ராப்பில் 95-க்கு மேல் என்றால் நம்பலாம், பழைய முறை பூட்ஸ்ட்ராப்பில் 70-ஐப் பலரும் எல்லையாக வைக்கிறார்கள். இரண்டையும் குழப்பிக்கொண்டு, அதிவேகத்தில் 72 வந்ததை உறுதியான குழு என்று எழுதுபவர்கள் உண்டு.

தூரத்தைக் கணக்குப் போட்டும் பார்க்கலாம். 633 எழுத்தில் 19 வித்தியாசம் என்றால் 3%. ஆண்டுக்கு 1% என்பதால் மூன்று ஆண்டுக்கு முன் பிரிந்தன என்று சொல்லத் தோன்றும், ஆனால் பிரிந்த பிறகு இரண்டு பக்கமும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. இரண்டும் ஒரே காலத்தில் எடுத்த மாதிரி என்றால் பொது மூதாதை இருந்தது ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்கு முன்புதான். இதுவே தோராயம்தான். ஒழுங்கான தேதி வேண்டுமானால் முதலில் டெம்பெஸ்ட் மென்பொருளில் போட்டு, ஆண்டு ஏற ஏற வேரிலிருந்து தூரமும் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் தேதியைக் கணிக்கும் பீஸ்ட் மென்பொருளுக்குப் போங்கள். ஏறவில்லையென்றால் அந்தத் தரவில் காலம் பதியவில்லை, பீஸ்ட் ஒரு தேதியைக் கொடுக்கத்தான் செய்யும், அதை வாங்காதீர்கள். ஓ வகையில் 15% வித்தியாசத்தை டோப்போடைப் (ஒரு வட்டாரத்தையொட்டிய வம்சக் குழு) எல்லையாகப் பயன்படுத்துகிறார்கள், 633-ல் அது 95 எழுத்து.

மரத்தின் வடிவமும் பேசும். 2024 மார்ச்சில் அமெரிக்கப் பால் மாடுகளில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் உறுதியானபோது, பல மாநிலங்களின் மாட்டு சீக்வென்ஸ்கள் எல்லாம் பறவை வைரஸ்களுக்கு நடுவே ஒரே கிளையாக நின்றன. பறவையிலிருந்து ஒரு முறை தாண்டி, பிறகு மாட்டுக்கு மாடு பரவியிருக்கிறது என்று அதிலிருந்துதான் முடிவுக்கு வந்தார்கள். ஒவ்வொரு பண்ணையிலும் பறவையிலிருந்து தனித்தனியாக வந்திருந்தால் அவை பறவைக் கிளைகளுக்குள் சிதறிக் கிடந்திருக்கும். 2025 தொடக்கத்தில் நெவாடா மாடுகளில் வேறொரு கிளை தென்பட்டது, ஆகவே அது தனித் தாண்டல்.

ஆனால் மரத்தில் பக்கத்தில் நிற்பதால் மட்டும் இந்தப் பண்ணைதான் அந்தப் பண்ணைக்குக் கொடுத்தது என்று எழுதாதீர்கள். நடுவில் மாதிரியே எடுக்காத பத்து பண்ணைகள் இருந்திருக்கலாம். அதே போல, அதிகம் சீக்வென்ஸ் செய்யும் நாடுதான் எல்லா மரத்திலும் நோயின் பிறப்பிடம் போலத் தெரியும்.

இன்னொன்று, தடுப்பூசி பலிக்குமா என்பதற்கு மரம் பதில் சொல்லாது. தடுப்பூசித் திரிபிலிருந்து தூரத்தில் நின்றும் நன்றாகப் பாதுகாக்கப்படும் திரிபு இருக்கும், ஓரிரண்டு அமினோ அமிலம் மாறியதிலேயே நழுவிவிடும் திரிபும் இருக்கும். அதற்குத் தடுப்பூசி போட்ட மாட்டின் சீரத்தை வைத்து ஆர்1 மதிப்பு, அதாவது தடுப்பூசித் திரிபோடு ஒப்பிட்டால் வெளித் திரிபை அந்தச் சீரம் எவ்வளவு தடுக்கிறது என்ற விகிதம், பார்க்க வேண்டும். வைரஸ் நடுநிலையாக்கச் சோதனையில் 0.3 அல்லது அதற்கு மேல் வந்தால் பொருந்துகிறது என்று கொள்வார்கள்.

வேலை முடிந்ததும் சீக்வென்ஸை ஜென்பேங்க்கில் ஏற்றுங்கள். ஏற்றும்போது மாதிரி எடுத்த தேதி, இடம், மாடா எருமையா, நேராக எடுத்ததா செல்லில் எத்தனை முறை வளர்த்த பிறகு எடுத்ததா என்பதையெல்லாம் மறக்காமல் நிரப்புங்கள். ஆண்டு இல்லாத சீக்வென்ஸை டெம்பெஸ்ட்டிலும் பீஸ்ட்டிலும் யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள்.