தச்சு மேசைக்குள் டேபிள் சா

வீட்டில் நாமே செய்த தச்சு மேசையில் சிறிய டேபிள் சாவை (தளத்தின் நடுவே வட்டப் பிளேடு நீட்டி நிற்கும் மின் ரம்பம்) பொருத்தும்போது மேற்பலகையை வெட்டுவது எளிது, உயரம்தான் படுத்தும். ரம்பம் உட்காரும் கீழ்த்தட்டைத் தேவையைவிட 6 மி.மீ. தாழ்வாகவே அடியுங்கள். பிறகு ரம்பத்தின் நான்கு கால்களுக்கும் அடியில் பிளைவுட் துண்டு, வாஷர் வைத்து உயர்த்திக்கொள்ளலாம்.

ரம்பத்தின் தளம் மரமேசையைவிட 1 மி.மீ. மேலே நிற்கட்டும். துல்லியமாகச் சமப்படுத்தினால், மழைக்காலத்தில் மேசைப் பலகை உப்பி, அறுபட்டு வரும் மரம் விளிம்பில் முட்டி நின்றுவிடும். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. நீண்ட, வளையாத சட்டத்தைக் குறுக்கே வைத்துப் பார்த்த பிறகே போல்ட்டை முறுக்குங்கள்.

பிளேடைச் சாய்க்கும்போது கைச்சக்கரமும் சேர்ந்து நகரும். அதற்கு இடம் வேண்டும். தூள் விழத் தட்டில் ஓர் ஓட்டை. அத்தனையும் பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான்.