வயர் சண்டை வராமல் ஆடியோ ரசிகர் கூட்டத்தை நடத்துவது எப்படி? புதிய நடுவர்களுக்கான செய்முறை

கீழக்கரைப் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த செட்டு இருக்கும். தங்கச்சிமடத்தில் ஒருவர் தானே அசெம்பிள் பண்ணின ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வைத்திருப்பார். ராமநாதபுரத்தில் இன்னொருவர் பழைய ரெக்கார்டு பிளேயரை விடாமல் ஓட்டிக்கொண்டிருப்பார். இவர்கள் எல்லாரும் ஒரு வீட்டில் கூடினால் முதல் அரை மணி நேரம் பாட்டு ஓடும், அதற்கப்புறம் வாக்குவாதம்தான். "வயர் மாத்தினேன் காக்கா, சத்தமே வேற மாதிரி ஆயிடுச்சு" என்று ஒருவர் சொல்வார். "வயர்ல என்னண்ணே இருக்கு, எல்லாம் செம்புதான்" என்று இன்னொருவர் சிரிப்பார். சிரித்தது தப்பாகிவிடும்.

அப்படி ஒரு கூட்டத்தை நடத்தும் பொறுப்பு புதிதாக உங்கள் தலையில் விழுந்திருந்தால் இது உங்களுக்கானது. ஆடியோவில் பெரிய ஞானம் வேண்டாம். தேவையான பொருள்கள் இவ்வளவுதான்: ஒரு நோட்டு, துண்டுச் சீட்டுகள், கனமான கறுப்புத் துணி, ஒரு ரூபாய் நாணயம், ஒரு மல்டிமீட்டர். மீட்டரில் ஏசி (மாறுதிசை மின்சாரம்) 2 வோல்ட் அல்லது 20 வோல்ட் ரேஞ்ச் இருக்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் மஞ்சள் மீட்டர்களில் பலவற்றில் ஏசிக்கு 200, 750 என்ற இரண்டு ரேஞ்ச்தான் உண்டு. இந்த வேலைக்கு அது ஆகாது.

படி 1: என்ன வகைப் பேச்சு என்று பாருங்கள்

ஆடியோ சண்டைகளில் முக்கால்வாசி, மூன்று வகைப் பேச்சு ஒன்றாகக் கலந்துவிடுவதால் வருகிறது. "எனக்குப் பிடிச்சிருக்கு" என்பது ரசனை. "வித்தியாசம் கேக்குது" என்பது காதைப் பற்றிய கூற்று. "வெள்ளி வயர்ல சிக்னல் வேகமாப் போகுது, அதான்" என்பது காரணம். முதலாவதுக்கு யாரும் ஆதாரம் கேட்கக் கூடாது. இரண்டாவதைச் சோதித்துப் பார்க்கலாம். மூன்றாவதைச் சொல்கிறவர் கணக்கோ அளவோ காட்ட வேண்டும். கூட்டம் தொடங்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.

இந்தக் கரையில் ரசனைக்கு நல்ல உதாரணம் சிலோன் ரேடியோ. கொழும்பில் 1925-இல் வானொலி தொடங்கியது. அதன் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறை இங்கே இருக்கிறது. அவர்களில் ஒரு மாமா, "அந்தக் குரல் மாதிரி இப்ப எந்த செட்டுலயும் வராது" என்பார். மத்திய அலை ரேடியோப் பெட்டியில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் பெரிதாக எதுவும் வராது என்று சின்னப் பையன் ஒருவன் உடனே கணக்கு சொல்ல வாயெடுப்பான். கணக்கு சரிதான். ஆனால் மாமா அளவு பேசவில்லை, தனக்குப் பிடித்ததைப் பேசுகிறார். பையனை அந்த இடத்தில் நிறுத்துவது உங்கள் வேலை. அதே மாமா, "மத்திய அலையில சீடியை விட அதிகமா விவரம் கேக்கும்" என்று சொன்னால் கதை வேறு. அப்போது பையன் பேசட்டும்.

படி 2: எழுதிய பிறகு பேச்சு

பாட்டு ஓடும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது, "ஆஹா" கூட வேண்டாம். முடிந்ததும் ஆளுக்கொரு சீட்டில் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். சீட்டுகளை வாங்கி வைத்த பிறகுதான் பேச்சு தொடங்க வேண்டும். பேசும் வரிசையிலும் வயதில் சின்னவர் முதலில், வீட்டுக்காரர் கடைசியில்.

நம் ஊர்ப் பழக்கத்தில் இது கொஞ்சம் தலைகீழ். பெரியவர்தான் முதலில் பேசுவார். ஆனால் அவர் "பாஸ் அருமை" என்று தாழ்ந்த ஒலியைப் புகழ்ந்துவிட்டால் அப்புறம் எந்த மருமகன் "தொம்தொம்னு இருக்கு மாமா" என்பான்? மரியாதைக்காகத் தலையாட்டுவான், வெளியே போய்ச் செருப்பு போடும்போது வேறு பேசுவான். சீட்டு இருந்தால் அந்தச் சங்கடமே இல்லை. பெரியவர்களிடம் காரணத்தை முன்கூட்டியே தனியாகச் சொல்லிவிட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

படி 3: வார்த்தைக்கு இடம் கேளுங்கள்

"ஏர் இருக்கு", "ஸ்டேஜ் பெருசு", "வார்ம்" என்று பத்திரிகை வார்த்தைகள் வரும். தடுக்க வேண்டாம். "பாட்டுல எந்த இடத்துலண்ணே?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். "ரெண்டாவது சரணத்துல புல்லாங்குழல் நுழையுற இடம்" என்று பதில் வந்தால் அதே இடத்தை எல்லாரும் திரும்பக் கேட்கலாம். பதில் வராவிட்டால் அந்தக் கருத்து ரசனைக் கணக்கில் போய்விடும்.

நம்மிடம் இருக்கும் வார்த்தைகளே இதற்குத் தாராளம். தொம்தொம் என்று அடித்தால் பெரும்பாலும் 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் தேடலாம். ஸ்பீக்கர் சுவர் மூலையில் ஒட்டி நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். மூக்கால் பாடுவது போல இருந்தால் 1000 ஹெர்ட்ஸ் பக்கம். 'ஸ்' எழுத்து காதைக் கீறினால் 5000-லிருந்து 8000 வரை.

ஃபோனில் பதிவு செய்து அனுப்பிய கிளிப்பைக் கேட்டு ஒருவருடைய ஸ்பீக்கருக்குத் தீர்ப்பு சொல்ல விடாதீர்கள். அதில் பாதி அந்த ஃபோன் மைக்கின் குரல்.

படி 4: காதையும் காசையும் தொடக் கூடாது

தடை செய்ய வேண்டிய வாக்கியங்கள் இரண்டு. "உங்களுக்குக் காது போயிடுச்சு." "இந்த விலை செட்டுல அதெல்லாம் கேக்காது." வயதாக ஆக உயர்ந்த அதிர்வெண்கள் காதுக்கு எட்டாமல் போவது உண்மைதான். அதைச் சபையில் ஒருவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டியதில்லை. காசு விஷயம் இன்னும் நுணுக்கமானது. இங்கே பலரும் வைத்திருப்பது வெளிநாட்டில் பல வருஷம் உழைத்து வாங்கி வந்த செட்டு. அதைக் குறை சொன்னால் அந்த உழைப்பைக் குறை சொன்னதாகவே அவருக்குப் படும்.

மறு பக்கத்தையும் விடாதீர்கள். அளந்து காட்டினால்தான் நம்புவேன் என்னும் அளவுகோல்காரர்கள் எதிராளியை ஏமாளி என்று பேசுவதும் இதே குற்றம்தான். பார்வை காதை ஏமாற்றுவது எல்லாருக்கும் பொது. ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1994-இல் வெளியிட்ட சோதனையில் 40 பேர் கலந்துகொண்டார்கள். ஆடியோ நிறுவனத்திலேயே வேலை செய்தவர்கள். அதே ஸ்பீக்கர்களுக்குப் பார்த்துக் கேட்டபோது போட்ட மதிப்பெண் ஒன்று, திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது போட்டது வேறு. சிறிய, விலை குறைந்த பெட்டிதான் கண்ணில் பட்டபோது அதிகம் அடிவாங்கியது.

படி 5: சோதனைக்கு முன் டெர்மினலைப் பாருங்கள்

இது கடற்கரைக்காரர்களுக்கு மட்டுமான படி. மதுரைக்காரர் தாண்டிப் போகலாம், பாம்பன்காரர் முடியாது. உப்புக் காற்றில் செம்பு கறுத்துப் பச்சை பூக்கிறது, வயரை மாட்டும் பித்தளை டெர்மினல் மங்குகிறது. ஸ்பீக்கர் வயரின் முனையிலும், பிளேயரை ஆம்போடு இணைக்கும் ஆர்சிஏ வயரின் பின்னிலும் அந்தப் படலம் படிந்தால் இணைப்பு விட்டுவிட்டு வரும், கரகரக்கும், ஒரு பக்கம் சத்தம் குறையும். அப்போது புது வயர் போட்டால் சத்தம் மாறத்தான் செய்யும். மாற்றியவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்லும் காரணம்தான் தவறு.

எனவே ஆம்பை அணைத்துவிட்டுப் பழைய வயரின் முனையை ஓரங்குலம் வெட்டி, புதுச் செம்பு தெரியும்படி சீவுங்கள். டெர்மினலைத் துடையுங்கள். பின்னை நாலைந்து முறை செருகி எடுங்கள். அப்புறம் பழையதையும் புதியதையும் ஒப்பிடுங்கள். நான் பார்த்தவரை பல வயர் சண்டைகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடுகின்றன.

வயரின் கனத்தையும் கணக்குப் போட்டுவிடலாம். 2.5 ஸ்கொயர் எம்எம் செம்பு வயர் 5 மீட்டர் ஓடினால், போக வர 10 மீட்டருக்குச் சுமார் 0.07 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது 0.1 டெசிபலுக்கும் குறைவான இழப்பு. அதே தூரத்துக்கு 0.5 ஸ்கொயர் எம்எம் மெல்லிய வயர் போட்டால் 0.34 ஓம். 4 ஓம் ஸ்பீக்கரில் அது சுமார் 0.7 டெசிபல். ஆக, "எல்லாம் செம்புதான்" என்று சிரித்தவரும் முழுக்கச் சரியில்லை.

படி 6: கண்ணை மூடிய சோதனை

முதலில் சத்தத்தைச் சமமாக்குங்கள். சற்றே கூடுதலாக ஒலிக்கும் செட்டு, கேட்பவருக்குக் கூடுதல் சத்தமாகத் தெரியாது, கூடுதல் தெளிவாகத் தெரியும். ஆம்ப்களை ஒப்பிடும்போது இது ரொம்ப முக்கியம். 100 அல்லது 200 ஹெர்ட்ஸ் டோனை (ஒரே அதிர்வெண் ஒலியை) ஓடவிட்டு ஸ்பீக்கர் டெர்மினலில் ஏசி வோல்ட் பாருங்கள். சாதாரண மீட்டர்கள் 50 ஹெர்ட்ஸ் கரண்டை மனதில் வைத்துச் செய்தவை, 1000 ஹெர்ட்ஸில் சிலது தப்பாகக் காட்டும். ஒன்றில் 2.83 வோல்ட் என்றால் மற்றதில் 2.80-க்கும் 2.86-க்கும் நடுவில் வரும்வரை வால்யூமைத் திருப்புங்கள். அதுதான் 0.1 டெசிபல் எல்லை.

அடுத்து மறைப்பு. செட்டுக்கு முன் கறுப்புத் துணி கட்டுங்கள். துணிக்குப் பின்னால் ஒருவர் மட்டும். அவர் நாணயம் சுண்டி, பூ விழுந்தால் பழையது, தலை விழுந்தால் புதியது என்று 16 முறைக்கான வரிசையை முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். தானாக யோசித்து மாற்றினால் ஆள் ஒரு ஒழுங்கில் மாற்ற ஆரம்பித்துவிடுவார், கேட்பவர் அதைப் பிடித்துவிடுவார். ஒவ்வொரு முறையும், அடுத்ததும் அதே வயராக இருந்தாலும், கழற்றி மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் கழற்றும் சத்தமே விடையைச் சொல்லிவிடும். ஸ்பீக்கர் வயரைத் தொடும்போதெல்லாம் ஆம்ப் அணைந்திருக்க வேண்டும். இரு முனை ஒட்டினால் ஆம்ப் போய்விடும், அந்தச் சண்டையைத் தீர்க்க எந்த நடுவராலும் முடியாது.

சோதிக்கப்படுபவரிடம் முதலில் இரண்டையும் பெயர் சொல்லிக் காட்டுங்கள், வேண்டிய மட்டும் கேட்கட்டும். பாட்டும் அவரே தேர்ந்தெடுக்கட்டும், வால்யூமும் அவர் விருப்பம். பிறகு 16 விடை, நடுவில் ஒரு டீ. மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வேர்க்கும், பரவாயில்லை.

மாற்ற ஒரு நிமிஷம் ஆனால் காதின் ஞாபகம் மங்கிவிடும் என்று அவர் சொன்னால் அது நியாயமான புகார். இரண்டு வயரையும் சேர்த்து மாட்டி உடனே மாற்றும் செலக்டர் சுவிட்ச் கிடைத்தால் பயன்படுத்துங்கள். எம்பி3-யா, இழப்பில்லாத ஃபைலா என்ற சண்டைக்கு இத்தனை பாடும் வேண்டாம். கணினியில் ஃபூபார்2000 என்ற இலவச பிளேயருக்கு ஏபிஎக்ஸ் சோதனைக்கான, அதாவது எது ஓடுகிறது என்று சொல்லாமல் கேட்கவைக்கும் சோதனைக்கான, கூடுதல் மென்பொருள் உண்டு. ஒரே மூல ஃபைலிலிருந்து இரண்டையும் நீங்களே தயாரியுங்கள். பழைய பதிப்பையும், ஒலியை மறுபடி சீர்செய்து வெளியிட்ட ரீமாஸ்டரையும் ஒப்பிட்டால் அது வேறு சோதனை.

படி 7: மதிப்பெண்ணைப் படிப்பது

16-க்கு 12 சரியாக வந்தால் குருட்டாம்போக்கில் அப்படி அமைய 4 சதவீதத்துக்கும் குறைந்த வாய்ப்புதான். அதை எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். நேரமில்லை, 10 முறைதான் என்றால் 9 சரியாக வர வேண்டும். 8 வந்தால் அது எல்லைக்கு ஒரு நூல் வெளியே. எல்லையைச் சோதனைக்கு முன்பே அறிவியுங்கள், பின்னால் நகர்த்தக் கூடாது.

16-க்கு 8-ஓ 9-ஓ வந்தால், "வித்தியாசமே இல்லை" என்று அறிவிக்காதீர்கள். "இன்னைக்கு, இந்த செட்டுல, இவருக்குப் பிரிச்சுச் சொல்ல முடியல" என்பதோடு நிறுத்துங்கள். 2007-இல் மேயர், மோரன் என்ற இருவர் வெளியிட்ட சோதனையில், உயர்தரப் பதிவையும் அதையே சீடி தரத்துக்கு இறக்கியதையும் 554 முறை கேட்கவைத்தார்கள். சரியான விடை 49.8 சதவீதம், நாணயம் சுண்டியது போலத்தான். 2016-இல் ஜோஷுவா ரெய்ஸ் என்ற ஆய்வாளர் இதே கேள்விக்கான பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது 52 சதவீதத்தை ஒட்டி வந்தது, பயிற்சி பெற்றவர்களுக்கு அதைவிடக் கூடுதல். இரண்டு கட்சிக்காரர்களும் தங்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் எடுத்து வருவார்கள். நீங்கள் இரண்டையும் வைத்திருங்கள்.

16-க்கு 13 வந்துவிட்டால்? கிண்டல் செய்தவர்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டும், முதலில் அது. அப்புறம் துணிக்குப் பின்னால் போய்த் தேடுங்கள். வோல்ட் நகர்ந்திருக்கிறதா, ஆம்புக்குள் இருக்கும் ரிலே சுவிட்சின் 'டிக்' சத்தம் வேறுபடுகிறதா, ஒரு முனை தளர்ந்திருக்கிறதா? எதுவும் இல்லையென்றால் அவர் கேட்டது நிஜம். காரணம் என்ன என்ற பேச்சு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

படி 8: விற்பவர்கள், மீறுபவர்கள்

வயர் விற்பவரும் ஆம்ப் செய்து கொடுப்பவரும் கூட்டத்துக்கு வரட்டும், அவர்கள் இல்லாமல் ருசிக்காது. ஆனால் தான் விற்கும் பொருளைப் பற்றிப் பேசும்போது, "இது என் சரக்கு" என்று சொல்லிவிட்டுப் பேச வேண்டும். தன் சரக்குக்குத் தானே துணிக்குப் பின்னால் நிற்கக் கூடாது.

வரம்பு மீறுபவரைச் சபையில் திட்டாதீர்கள். தண்ணீர் குடிக்கக் கூப்பிடுவது போல வெளியே அழைத்துப் போய்ச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் அப்படியே என்றால் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பு இல்லை. அவர் உங்கள் சொந்த மச்சானாக இருந்தாலும் அதேதான், சொல்லப்போனால் மச்சானிடமிருந்து தொடங்கினால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

ஒவ்வொரு சோதனைக்கும் நோட்டில் ஒரு பக்கம்: தேதி, எந்த வீடு, என்னென்ன கருவி, எந்தப் பாட்டின் எந்தப் பதிப்பு, வோல்ட், வரிசை, விடைகள். கீழே சோதிக்கப்பட்டவர், துணிக்குப் பின்னால் நின்றவர் இருவர் கையெழுத்தும்.