கிடங்கிலிருந்து பயிற்சிக்கூடம்: பேஸ்பால் வீரர்களுக்கான உள்ளரங்கை அமைப்பது எப்படி?

அமெரிக்காவின் வடக்கு மாநிலங்களில் நவம்பர் கடைசி முதல் மார்ச் வரை பேஸ்பால் மைதானங்கள் பெரும்பாலும் பனியிலோ சேற்றிலோ கிடக்கும். அந்த மாதங்களில் பயிற்சியைத் தொடர்வதற்காக, காலியாக உள்ள கிடங்கு ஒன்றை வாடகைக்கு எடுத்து உள்ளரங்காக மாற்றுவது அங்கே பரவலான வழக்கம். இதில் முதன்முறை இறங்குபவர்கள் பந்தெறி இயந்திரத்தையும் வேகம் அளக்கும் ரேடாரையும் முதலில் வாங்கிவிட்டு, கையில் மிஞ்சியதை வலைக்கும், பந்தெறிபவர் நின்று எறியும் எறிமேட்டுக்கும் செலவிடுவதைக் காணலாம். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. கீழே உள்ள படிகளும் அந்த முறையிலேயே செல்கின்றன.

படி 1: கையெழுத்திடும் முன் அளந்து பாருங்கள்

பிட்ச்சர் (பந்தெறிபவர்) காலூன்றும் ரப்பர் பலகையின் முன்விளிம்பிலிருந்து, பேட்டர் (பந்தை அடிப்பவர்) அருகில் நிற்கும் தட்டான ஹோம் பிளேட்டின் பின்முனை வரை உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். பிட்ச்சருக்குப் பின்னால் நான்கைந்து அடியும், எறிந்த பந்தைப் பிடிக்கும் கேட்ச்சர் உட்காரவும் அவருக்குப் பின்னால் வலை தொங்கவும் எட்டு அடியும் சேர்த்தால், ஒரு எறிதடத்துக்கு ஏறத்தாழ 75 அடி நீளம் வேண்டியிருக்கும். பந்தை அடித்துப் பழகுவதற்கான, வலையால் சூழ்ந்த பேட்டிங் கூண்டுக்கு 70 அடி நீளம், 14 அடி அகலம், 12 அடி உயரம் என்பது வழக்கமான அளவு.

உயரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கட்டட உரிமையாளர் கூரை வரை உள்ள உயரத்தைச் சொல்வார். உங்களுக்குத் தேவையானதோ, மிகத் தாழ்வாக உள்ள உத்திரம், விளக்கு, தீயணைப்பு நீர்க்குழாய் ஆகியவற்றின் அடிப்பக்கம் வரை உள்ள உயரம். அது 14 அடிக்குக் குறைந்தால் வேறு இடம் பார்ப்பது நல்லது. தடத்தின் நடுவே நிற்கும் ஒரே ஒரு தூண் அந்தத் தடத்தையே பயனற்றதாக்கிவிடும் என்பதால், தூண்களின் இடங்களைக் காகிதத்தில் குறித்துக்கொண்டு கூண்டுகளை அவற்றுக்கு இடையே வரைந்து பாருங்கள். கிடங்குப் பகுதியில் விளையாட்டுக்கூடம் நடத்த நகர நிர்வாகம் அனுமதிக்கிறதா என்பதையும் விபத்துக் காப்பீட்டின் செலவையும் இதே கட்டத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

படி 2: வலை

பந்தின் எடை 5 முதல் 5¼ அவுன்ஸ் வரை, அதாவது கிரிக்கெட் பந்தைவிடச் சற்றே குறைவு. ஆனால் வலுவான பேட்டர் அடித்த பந்து மணிக்கு 100 மைல் வேகத்தில் வலையில் மோதும். வலைக்கயிற்றின் தடிமன் எண்ணால் குறிக்கப்படுகிறது. எண் கூடக் கூடக் கயிறு தடிக்கும். சிறுவர்களுக்கு 36 போதும், உயர்நிலைப் பள்ளி மாணவர்களும் அவர்களுக்கு மேற்பட்டவர்களும் அடிப்பதானால் 42 வாங்குங்கள். வலையை இறுக்கிக் கட்டாதீர்கள். தளர்வாகத் தொங்கும் வலைதான் பந்தின் வேகத்தை வாங்கிக்கொள்ளும்; இழுத்துக் கட்டிய வலை பந்தைத் திருப்பி அனுப்புவதோடு விரைவில் கிழியவும் செய்யும். வலை வெளிப்புறமாகப் புடைக்கும் என்பதால் சுவருக்கும் அதற்கும் இடையே இரண்டடியாவது விடுங்கள். கூண்டுக்குள் பந்து போட்டுக் கொடுக்கும் பயிற்சியாளர் அடித்த பந்தைத் தடுக்கும் எல் (L) வடிவத் திரைக்குப் பின்னால் நிற்க வேண்டும் என்ற விதியில் யாருக்கும் விலக்கு இருக்கக் கூடாது.

படி 3: எறிமேடு

இந்தக் கூடத்தின் உயிர்நாடி எறிமேடு. 1968ஆம் ஆண்டு, அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பாலின் உச்சநிலையான மேஜர் லீக் ஆட்டங்களில் பிட்ச்சர்களின் கை அளவுக்கு மீறி ஓங்கியது. செயின்ட் லூயிஸ் அணியின் பாப் கிப்சன் அந்தப் பருவம் முழுவதிலும், தடுப்பாளர்களின் பிழையால் வந்தவற்றை நீக்கிக் கணக்கிட்டால், ஒன்பது இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு ஆட்டத்துக்கு, சராசரியாக 1.12 ரன்கள் மட்டுமே கொடுத்தார். அதன் விளைவாக 1969இல் மேட்டின் உயரம் 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைக்கப்பட்டது. ஐந்து அங்குலம் குறைப்பதை ஆட்டத்தின் சமநிலையைத் திருத்தும் வழியாகக் கருதினார்கள் என்றால், கண்ணளவில் மேடு கட்டுவது எவ்வளவு தவறு என்பதை எண்ணிப் பாருங்கள்.

உள்ளரங்கில் களிமண்ணுக்குப் பதிலாக மரச்சட்டத்தின் மேல் முக்கால் அங்குலப் பிளைவுட் அடித்து, அதன் மேல் செயற்கைப் புல் ஒட்டலாம். விதிப்படி மேட்டின் உச்சியில் 5 அடி அகலமும் 34 அங்குல நீளமும் கொண்ட சமதளம் இருக்க வேண்டும். 24 அங்குல நீளமும் 6 அங்குல அகலமும் கொண்ட ரப்பர் பலகை அதில் பதியும். பலகைக்கு முன்னால் 6 அங்குலமும் பின்னால் 22 அங்குலமும் சமதளமாகவே இருக்கும். அந்த முன் 6 அங்குலம் முடிந்த இடத்திலிருந்து ஒவ்வொரு அடிக்கும் ஓர் அங்குலம் வீதம் சரிவு இறங்க வேண்டும். இப்படியே தரை வரை இறக்கினால் சரிவு மட்டும் 10 அடி. சமதளத்தையும் சேர்த்தால் மொத்தம் 12 அடி 10 அங்குலம். இடம் போதாதவர்கள் சரிவின் நுனியை வெட்டிக்கொள்ளலாம். ஆனால் எறியும்போது பிட்ச்சரின் முன்கால் ஏறத்தாழ அவருடைய உயரத்தின் அளவுக்கு எட்டிப் போய் விழும் என்பதால், உயரமான இளைஞரின் காலும் சரிவின் மேலேயே இறங்குகிறதா என்று சோதித்த பிறகுதான் வெட்ட வேண்டும். பலகையை ஆணியால் அடிக்காமல் போல்ட்டால் முடுக்குங்கள். முன்கால் விழும் இடத்துப் புல் மற்ற இடங்களைவிட வெகு விரைவில் தேயும் என்பதால் அந்தத் துண்டைத் தனியாகக் கழற்றி மாற்றும்படி அமைத்துவிடுங்கள்.

சிறுவர்களுக்கான பேஸ்பால் அமைப்பான லிட்டில் லீக்கில் 12 வயது வரையுள்ள சிறுவர்கள் 46 அடி தூரத்திலிருந்து, 6 அங்குல மேட்டிலிருந்து எறிகிறார்கள். அவர்களுக்கென்று சிறிய மேடு ஒன்றைத் தனியாகச் செய்ய வேண்டும். பெரிய மேட்டையே முன்னால் நகர்த்தி வைப்பது சரியாகாது.

படி 4: கருவிகள்

டாட்ஜர்ஸ் அணியின் தலைவராக இருந்த பிராஞ்ச் ரிக்கி 1948இல் புளோரிடாவின் வீரோ பீச்சில், பழைய கடற்படை விமானத் தளம் ஒன்றில், அந்த அணிக்காகப் பயிற்சி முகாம் அமைத்தபோது கையாண்ட கருவிகளுள் ஒன்று, கம்புகளுக்கு இடையே கட்டிய கயிறுகள். ஸ்ட்ரைக் எல்லையை, அதாவது சரியான எறிதல் கடந்து செல்ல வேண்டிய பரப்பை, கயிற்றால் கட்டிக் காட்டி, அதற்குள் எறியும்படி பிட்ச்சர்களைப் பழக்கினார். ஹோம் பிளேட்டின் 17 அங்குல அகலத்துக்கு அந்தக் கயிறுகளை இன்றும் சொற்பச் செலவில் கட்டிவிடலாம். அதனுடன் பந்தை மேலே வைத்து அடிப்பதற்கான சில பேட்டிங் டீக்களும் (தாங்கிகளும்) இரண்டு வாளிப் பந்துகளும் இருந்தால் முதல் குளிர்காலத்தை ஓட்டிவிடலாம்.

இயந்திரம் கட்டாயம் வேண்டுமென்றால் இரு சக்கர வகை நல்லது: கீழ்ச்சக்கரம் வேகமாகச் சுழன்றால் வேகப்பந்து, மேல்சக்கரம் வேகமாகச் சுழன்றால் கீழ்நோக்கி வளையும் பந்து. ஆனால் அதில் எறிபவரின் கை தெரியாது. பேட்டர் நேரத்தைக் கணிக்கக் கற்றுக்கொள்வது அந்தக் கையைப் பார்த்துத்தான். (1897இல் பிரின்ஸ்டனில் சார்லஸ் ஹிண்டன் என்ற கணிதவியலாளர் வெடிமருந்தால் பந்தெறியும் துப்பாக்கி ஒன்றைச் செய்தார். பேட்டர்களுக்கு அதன் முன் நிற்கத் துணிவு வரவில்லை என்றால் அதில் வியப்பில்லை.) மாற்று வழி எளியது. 40 அடியிலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தில் வரும் பந்து, முழுத் தூரத்திலிருந்து 90 மைல் வேகத்தில் வரும் பந்தைப் போலவே அரை விநாடிக்கும் குறைவான நேரத்தில் பிளேட்டை அடையும். ஆகவே, திரைக்குப் பின்னால் நின்று அருகிலிருந்து எறியும் பயிற்சியாளரே போதும்.

படி 5: எண்ணிக்கை ஏடு

மேஜர் லீக்கும், அமெரிக்காவின் தேசிய பேஸ்பால் அமைப்பான யுஎஸ்ஏ பேஸ்பாலும் சேர்ந்து 2014இல் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டுதலின்படி, ஓர் ஆட்ட நாளில் 9–10 வயதினர் 75, 11–12 வயதினர் 85, 13 முதல் 16 வயது வரையுள்ளோர் 95 பந்துகளுக்கு மேல் எறியக் கூடாது. 14 வயது வரையுள்ளவர் 66 அல்லது அதற்கு மேற்பட்ட பந்துகளை எறிந்தால் நான்கு நாள் ஓய்வு. பயிற்சியில் எறிபவற்றையும் எண்ணி, ஒவ்வொரு சிறுவனின் பெயரிலும் ஏட்டில் குறித்து வாருங்கள். முழங்கைத் தசைநாருக்கு ஆட்டம் எது, பயிற்சி எது என்று தெரியாது.

அதே வழிகாட்டுதல், ஆண்டில் குறைந்தது நான்கு மாதங்கள் எறிவதை நிறுத்தும்படியும், அவற்றில் இரண்டு மூன்று மாதங்களாவது தொடர்ச்சியாக இருக்கும்படியும் சொல்கிறது. கூடத்துக்கு வருமானம் வருவதோ குளிர்காலத்தில்தான். ஆகவே கால அட்டவணையைத் திறப்பு விழாவுக்கு முன்பே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்: நவம்பர், டிசம்பர் மாதங்களில் பேட்டிங்கும் உடற்பயிற்சியும் மட்டும், ஜனவரியில் சமதரையில் மெதுவான எறிதல், பிப்ரவரி நடுவில்தான் மேடு திறக்கும். பணம் கட்டிய பெற்றோர் டிசம்பரில் வந்து மேட்டைக் கேட்டால், அந்தத் தாளைக் காட்டிவிட்டுக் கூண்டில் ஒரு மணி நேரம் கூடுதலாகக் கொடுங்கள்.