மைக்ரோஆர்என்ஏ அளக்க ரத்தம் பிரிப்பது எப்படி

கோலாலம்பூரில் ரத்தத்திலுள்ள மைக்ரோஆர்என்ஏவை (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் குட்டி ஆர்என்ஏ) அளக்கும் எங்கள் ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களிடம் முதலில் சொல்வேன்: பச்சை மூடிக் குழாயைத் தொடாதீர்கள். அதிலுள்ள ஹெப்பாரின் என்ற உறைவுத்தடுப்பான், ஆர்என்ஏவை நகலெடுத்துப் பெருக்கி அளக்கும் பிசிஆர் சோதனையைக் கெடுத்துவிடும். ஊதா மூடி, அதாவது இடிடிஏ என்ற வேறு உறைவுத்தடுப்பான் உள்ள குழாய்தான் சரி.

குலுக்காமல் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் மையவிலக்கியில் சுழற்றிப் பிளாஸ்மாவை (அணுக்கள் நீங்கிய ரத்த நீர்) பிரித்துவிடுங்கள். அது வைக்கோல் நிறத்தில் இருக்கணும். ஆயர் சிராப் (மலேசிய ரோஜா சர்பத்) மாதிரி சிவந்திருந்தால் சிவப்பணு உடைந்திருக்கிறது.

நாங்கள் தேடும் மைக்ரோஆர்என்ஏவான மிஆர்-132 வெறும் 22 எழுத்து நீளம். நரம்பணுச் சந்திப்புகள் வளர உதவுவது, அல்சைமர் மூளையில் குறைந்து காணப்படுவது. ஒப்பீட்டு அளவுகோலாக மிஆர்-16 என்ற இன்னொன்றை வைத்தால் தொலைந்தோம்: உடைந்த சிவப்பணுவிலிருந்து அது கொட்டி, 132 குறைந்ததுபோல் பொய்க்கணக்கு காட்டும். அதைப் பார்த்து ஒருமுறை துள்ளிக் குதித்தவன் நான்!

அப்புறம், சிவப்பணு உடைந்ததா என்று எண்ணிலும் பாருங்கள்: சிவப்பணு உடைவால் மாறாத மிஆர்-23ஏவின் சிகியூவிலிருந்து (பிசிஆரில் ஒன்று தென்படத் தேவைப்பட்ட சுற்றுகளின் எண்ணிக்கை; அளவு கூடினால் இது குறையும்) சிவப்பணுவில் நிறைந்த மிஆர்-451இன் சிகியூவைக் கழியுங்கள். 7-ஐத் தாண்டினால் அந்தக் குழாயை ஒதுக்கிவிடுங்கள்.